அல்பீரூனி வரைந்த கோட்டை

அரபு மொழியில் ‘தீஹ்’ என்றொரு சொல் உண்டு. வழி தெரியாது அலைதல் என்பது அதன் பொருள். மூஸா (அலை) அவர்களின் சமூகத்தார் நாற்பது ஆண்டுகள் திரிந்தலைந்ததைக் கூறும் அல்மாயிதா அத்தியாயத்தின் 26ஆம் வசனம், இச்சொல்லின் வினைவடிவத்தையே கையாள்கிறது. சுழல்வழிகளையும் புதிர்ப்பாதைகளையும் குறிக்க இன்றைய அரபியில் வழங்கும் ‘மதாஹா’ என்ற சொல்லும் இவ்வேரினின்று கிளைத்ததே. ஆகவே, அரபி கற்ற ஒருவர் சுவருக்குள் சுவராகச் சுற்றிச் செல்லும் வரைபடம் ஒன்றைக் காண நேர்ந்தால், அவர் உள்ளத்தில் முதலில் எழுவது வழிகேடு என்ற எண்ணமே. நாமும் அவ்வாறே எண்ணி ஒரு பிழை செய்தோம். அப்பிழையிலிருந்தே இவ்வாய்வைத் தொடங்குவது முறை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் சிலருடன் அல்பீரூனியின் ‘தஹ்கீகு மா லில் ஹிந்த்’ நூலை வாசித்துக் கொண்டிருந்தோம். கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்து, கஸ்னாவில் வாழ்ந்த அவ்வறிஞர் 1030ஆம் ஆண்டையொட்டி நிறைவு செய்த நூல் அது. எட்வர்டு ஸாகௌ அதன் அரபு மூலத்தை 1887இலும் ஆங்கில மொழிபெயர்ப்பை 1888இலும் வெளியிட்டார். 1958இல் ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃப் வெளியிட்ட பதிப்பும் உண்டு. இலங்கையைப் பற்றிய முப்பதாம் இயலை அடைந்தபோது, பக்கத்தின் நடுவே ஒரு வரைபடம் வந்தது. இராமரின் மனைவியைக் கவர்ந்து சென்ற இராவணன் அமைத்த கோட்டையின் படம் என்று அல்பீரூனி அதனை அறிமுகப்படுத்துகிறார். ஒரு மாணவர், “ஹஜ்ரத், இது என்ன படம்?” என்று கேட்டார். “அது அவர்களுடைய புராணக் கதை, தேர்வுக்கு வராது. அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்” என்றோம். மாணவர் திருப்பினார். பாடமும் நடந்து முடிந்தது.

அதே ஆண்டு மார்கழியில், செய்யூரில் ஃபஜ்ருத் தொழுகை முடித்துத் திரும்பும் வழியில், ஒரு வீட்டு வாசலில் மூதாட்டி ஒருவர் கோலமிட்டுக் கொண்டிருந்தார். வழக்கமான பூக்கோலம் அன்று. வளைவுக்குள் வளைவாகச் சென்று நடுவில் முடியும் கோலம். நாம் நின்று பார்ப்பதைக் கண்ட அவர், “கோட்டைக் கோலம் பாய். எங்க அம்மா போட்டது” என்றார். “உள்ளே போனால் வழி தெரியாமல் போய்விடுமோ?” என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, “எப்படித் தெரியாமப் போகும்? வழி ஒண்ணுதானே பாய்” என்றார்.

அவர் சொன்ன அந்த ஒரு சொல்லே நம் ‘தீஹ்’ என்ற விளக்கத்தைத் தகர்த்தது. சுழல்வழிகளை ஆராய்ந்தோர் வகுக்கும் அடிப்படையான பிரிவும் அதுவேயாகும். இவ்வடிவங்கள் இருவகைப்படும். ஒன்று, கிளைகளற்ற ஒரே வழி பலமுறை திரும்பித் திரும்பி நடுவை அடைவது. இதில் நுழைந்தவர் நேரம் இழப்பாரேயன்றி வழி இழக்கமாட்டார். மற்றொன்று, கிளைவழிகளும் முட்டுச்சந்துகளும் உடையது. இதில்தான் மனிதர் தவறுகின்றனர். கிரேக்கத்தின் பைலோஸில் கிடைத்த, கி.மு. 1200ஐ ஒட்டிய களிமண் பலகையிலுள்ள கீறலும், பிரான்சின் ஷார்த்ர் தேவாலயத் தரையிலுள்ள சுழல்வழியும் முதல் வகையைச் சேர்ந்தவை. இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்தில் செடிவேலிகளால் அமைந்துள்ளது இரண்டாம் வகை. ‘மதாஹா’ என்ற அரபுச் சொல் இரண்டாம் வகைக்கே முற்றும் பொருந்தும். தமிழ்ப் பெண்களின் ‘கோட்டை’ என்ற சொல்லோ முதல் வகையின் இயல்பை நேராகச் சொல்கிறது. சுற்று மதில்கள் உண்டு, வாசல் ஒன்று.

இரண்டாம் வகைக்கு நம்மவர் எடுத்த கட்டடத்திலேயே சான்று உண்டு. லக்னோவில் நவாப் ஆஸஃபுத் தௌலா 1784இல், பஞ்ச காலத்தில் மக்களுக்கு வேலையளிக்கும் பொருட்டு எழுப்பத் தொடங்கிய படா இமாம்பாராவின் மேற்பகுதியில் ‘பூல் புலையா’ என்ற நடைவழித் தொகுதி உள்ளது. ஒன்றையொன்று ஒத்த வாசல்களால் பார்வையாளர் திகைப்பர். ஆனால், திகைப்பூட்டுவது மட்டுமே அதன் நோக்கமன்று. சுமார் 50 மீட்டர் நீளமுள்ள, தூண்களற்ற மண்டபத்தின் கூரைப் பாரத்தை இலேசாக்க உள்ளீடற்ற சுவர்களும் இடைவழிகளும் துணைசெய்கின்றன. புதிராகத் தோன்றுவது கட்டடக் கலையின் ஒரு தீர்வாகவும் அமைந்திருக்கிறது. வடிவத்தைக் கண்டவுடன் அதன் பயனை முடிவு செய்யலாகாது என்பதற்கு இது ஒரு பாடம்.

இனி அல்பீரூனியிடம் வருவோம். சுழல்வழி ஆய்வாளர்கள் அவருடைய படத்தை இந்தியச் சுழல்வழி மரபின் பழைய ஏட்டுச் சான்றுகளுள் ஒன்றாகப் போற்றுகின்றனர். கோட்டைக்குச் செல்லும் பாதையின் வாசல் எதுவென்பதையும் அவர் படத்திலேயே குறித்துள்ளார். முஸ்லிம் நாடுகளில் அக்கோட்டை ‘யவன கோடி’ என வழங்கப்படுவதையும், அதனைப் பலர் ரோம் என விளக்குவதையும் சேர்த்துரைக்கிறார். பின்னர்தான் ஆராய்ச்சி தொடங்குகிறது. அப்பகுதிக் கடலில் செல்லும் மாலுமிகள் எவரும் இத்தகைய இலங்கையைக் கண்டதாகச் சொல்லவில்லையே என்று ஐயுறுகிறார். இலவங்கம் விளையும் ‘லங்க’ என்ற நாட்டின் பெயரோடு இதற்குத் தொடர்பிருக்குமோ என்று வினவுகிறார். நூலின் முழுப்பெயரே அறிவுக்கு ஏற்புடையதையும் புறக்கணிக்கத்தக்கதையும் ஒருங்கே ஆராய்வது என்ற பொருளுடையது. ஏற்காததையும் அவர் விடுத்துச் செல்லவில்லை. முதலில் உள்ளபடி வரைந்து, அதன் பிறகே ஐயத்தை முன்வைக்கிறார். இவ்வரிசை முறையே இவ்வியலின் சிறப்பு. நாமோ வகுப்பறையில் வரைபடத்தையும் காணவில்லை, ஐயத்தையும் எழுப்பவில்லை. பக்கத்தைத் திருப்பினோம்.

எனினும் அல்பீரூனியையும் விமர்சனமின்றி ஏற்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் தென்னாட்டுக்கு வந்தவரல்லர். அவர் அறிந்த இந்தியா பஞ்சாபையும் அதன் சுற்றுப்புறங்களையும் பெரிதும் கடக்கவில்லை. எஞ்சியவை நூல்வழியும் பண்டிதர்வழியும் பெற்றவை. எந்தச் சமூகத்திலும் கற்றோர் நம்பிக்கை வேறு, பாமரர் நம்பிக்கை வேறு என்று அவரே நூலின் தொடக்கத்தில் பிரித்துக் காட்டுகிறார். அப்பகுப்பு அவருக்குப் பேருதவி புரிந்தது. ஒரு குறையையும் விட்டுச் சென்றது. கோட்டைப் படத்தை அவர் புவியியல் வினாவாக மட்டுமே கண்டார். அப்படி ஓர் இடம் உண்டா, இல்லையா என்பதே அவர் கேள்வி. இல்லை என்ற பக்கம் சாய்ந்தவுடன் ஆய்வு முடிகிறது. ஆனால், அவ்வகை வடிவங்களின் வாழ்வு கடலுக்கு அப்பாலுள்ள ஒரு தீவில் இல்லை. பாமரர் வீட்டு வாசலில் இருந்தது. ஜான் லேயர்டு என்ற மானிடவியலாளர், தென்னிந்திய வாசற்கோலங்களிலும் பச்சைகுத்தும் வடிவங்களிலும் காணப்படும் சுழல்வழிகளைப் பற்றி 1937இல் ஒரு கட்டுரை எழுதினார். அல்பீரூனி பண்டிதரிடம் கேட்டார். கோலமிடும் பெண்களிடம் கேட்கும் வாய்ப்பு அவருக்கு இருக்கவில்லை. அவ்வாய்ப்பு நாள்தோறும் கிட்டும் நாம் கேளாதிருந்ததற்குக் காரணம் கூற இயலாது.

அவர் வரைந்தது ஏன் ஒரு கோட்டையாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்குக் கர்நாடகத்தின் ஹளேபீடு ஒரு குறிப்புத் தருகிறது. அங்குள்ள பன்னிரண்டாம் நூற்றாண்டு ஹொய்சாளேசுவரர் கோயிலின் சிற்ப வரிசையில், அபிமன்யு புகுந்த சக்கரவியூகம் சுழல்வழியாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. உள்ளே செல்லத் தெரிந்து வெளியேறத் தெரியாதவன் அபிமன்யு என்பது கதை. ஒரே வழியுள்ள வடிவத்தில் வெளியேறத் தெரியாமல் போவது எவ்வாறு? வந்த வழியே திரும்பினால் போதுமே! சிற்பியின் கருத்து வேறாக இருக்க வேண்டும். வாசல் ஒன்றே ஆதலால், அதனை எதிரி அடைத்துவிட்டால் உள்ளே சென்றவனுக்கு மீட்சியில்லை. கதையிலும் பின்தொடர்ந்த பாண்டவரை ஜயத்ரதன் தடுத்துவிடுகிறான். ஆகவே, இவ்வடிவம் குழப்பத்தின் சின்னமன்று, அரணின் சின்னம். அல்பீரூனி வாசலைத் தனியே குறித்ததன் பொருத்தமும் இப்போது விளங்கும்.

இக்காலத்தில் இவ்வடிவங்களைப் பற்றி எழுதப்படுபவற்றில் மூன்று போக்குகளைக் காண்கிறோம். மூன்றும் அல்பீரூனியின் வரிசை முறைக்கு மாறானவை.

முதலாவது, கண்டவுடன் பெருமை பேசுவது. பொள்ளாச்சிக்கு அருகேயுள்ள கெடிமேட்டில் ஏறத்தாழ 56 அடிச் சதுரத்தில் ஏழு சுற்றுகள் கொண்ட கல்வரிசை ஒன்றை ஆய்வாளர்கள் 2015இல் வெளியுலகுக்கு அறிவித்தனர். மதிக்கத்தக்க கண்டுபிடிப்பு அது. ஆனால், 2000 ஆண்டுப் பழமை, கிரேக்கத் தொடர்பு, உலகப் பெருமை என்பனவெல்லாம் செய்தித்தாள்களில் அடுத்தடுத்து வந்தன. பைலோஸ் பலகையின் வடிவத்தை ஒத்திருப்பது உண்மையே. எனினும், வடிவ ஒப்புமை தொடர்புக்குக் குறிப்பாகலாம், காலத்துக்குச் சான்றாகாது. இதே வடிவத்தைச் செய்யூர் மூதாட்டி இன்று காலையிலும் வரைய வல்லவர்.

இரண்டாவது, நம்மவரிடையே காணப்படுவது. பிறர் மரபைச் சார்ந்தது எதுவாயினும் ‘ஜாஹிலிய்யா’ என்ற ஒரு சொல்லால் மூடிவிடுவது. ஒரு வடிவத்தை அறிவது வேறு, அதனை வணங்குவது வேறு. இவ்வேறுபாட்டை ஐயத்துக்கிடமின்றி அறிந்திருந்ததால்தான் அல்பீரூனி பதஞ்சலியின் நூலை அரபியில் பெயர்த்தார். அதனால் அவருடைய ஈமானுக்கு ஊறு நேர்ந்ததாக அவர் கருதவில்லை.

மூன்றாவது மிக நுட்பமானது. நம்மையும் ஒரு கணம் ஈர்த்தது. கோட்டைக் கோலத்தில் சுற்றுகள் ஏழு; கஃபாவின் தவாஃபிலும் சுற்றுகள் ஏழு. இவ்விரண்டையும் இணைத்து ஓர் அழகிய கட்டுரை எழுதிவிடலாம். வாசகர்களும் மகிழ்வர். ஆனால், தவாஃபில் நடு நோக்கிய நுழைவு இல்லை. சுற்றுவோர் மையத்தை வலம் வருகின்றனரேயன்றி அதனுள் புகுவதில்லை. கோலத்திலோ நடுவை அடைவதே இலக்கு. எண் ஒத்திருப்பதைக் கொண்டு பொருளும் ஒத்தது எனல், முதல் போக்கினரிடம் நாம் கண்ட அதே குற்றம். ஆகவே அக்கட்டுரையை நாம் எழுதவில்லை.

நபி (ஸல்) அவர்களும் ஒருமுறை தரையில் வரைந்து காட்டினார்கள். அப்துல்லாஹ் இப்னு மஸ்வூத் (ரழி) அறிவித்து, முஸ்னது அஹ்மதில் இடம்பெறும் செய்தி அது. ஒரு நேர்கோட்டை வரைந்து அதனை அல்லாஹ்வின் வழி என்றார்கள். அதன் வலமும் இடமும் பல கோடுகளை வரைந்து, அவை ஒவ்வொன்றிலும் ஒரு ஷைத்தான் நின்று அழைக்கிறான் என்றார்கள். அச்சித்திரத்தில் கண்டிக்கப்படுவது கிளைவழிகளே. இதனை மாணவர்க்கு விளக்கும்போது இருவகைச் சுழல்வழிகளின் வேறுபாடு பெரிதும் துணைபுரிகிறது. கோலம் இஸ்லாமியச் சின்னம் என்பதன்று நம் கூற்று. பல வழிகளால் நேரும் தடுமாற்றத்தைச் சுட்ட ‘மதாஹா’ என்ற சொல் இருக்கையில், ஒரே வழியுள்ள வடிவத்தின் மீதும் அதனைச் சுமத்தியது நம் பிழை என்பதே கூற்று.

அன்று கேள்வி கேட்ட மாணவர் இன்று வேறோர் ஊரில் மத்ரஸா ஆசிரியர். அவருக்கு இவற்றையெல்லாம் எழுதி, வகுப்பில் அளித்த விடையைத் திரும்பப் பெற்றுக் கொள்வதாகத் தெரிவித்தோம். “ஹஜ்ரத், நீங்கள் வரைந்து பார்த்தீர்களா?” என்று ஒரே வரியில் பதில் வந்தது. வரைந்ததில்லை. அன்று மாலையே வகுப்பில் சுண்ணக்கட்டி எடுத்தோம். முதலில் ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு மூலைகளிலும் ஒவ்வோர் அரைச்சதுரக் கோணம். ஒவ்வொரு கோணத்துக்கு அப்பாலும் ஒரு புள்ளி. கூட்டல் குறியின் மேல்முனையை வலப்பக்கத்து அடுத்த முனையோடு வளைகோட்டால் இணைத்து, பிறகு இடப்பக்கத்தில் மீந்திருக்கும் அடுத்த முனையை வலப்பக்கத்து அடுத்த முனையோடு இணைத்து, இவ்வாறு எட்டு வளைவுகள் வரைந்தால் ஏழு சுற்றுகள் கொண்ட கோட்டை அமையும். முதன்முறை ஐந்தாம் வளைவில் தவறினோம். இரண்டாம் முறை ஒரு மாணவர் எழுந்து வந்து முடித்தார். பிறகு தஹ்கீகின் அந்தப் பக்கத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினோம்.