பரங்கிமலைச் சிலுவையெழுத்தும் இரு தன்மைக் கொள்கையும்

கூடுவாஞ்சேரியினின்று தாம்பரம் வழியே சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதைக்கு அணித்தாய் நிற்பது பரங்கிமலை. அதன் உச்சிக் கோயிலில் உள்ள கற்சிலுவை, 1547இல் போர்த்துக்கீசியர் அங்கு நிலத்தைத் தோண்டியபோது வெளிப்பட்டது. சிலுவையைச் சூழ்ந்து பாரசீகப் பகலவி எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இச்சிறு தொடர் பொருள் கொள்ளப்பட்ட வரலாறு, உரைகாண்பார் அனைவரும் கருதற்பாலது.

மகன் தந்தையோடு ஒரே பொருளினர் என 325இல் நிக்கேயாச் சங்கம் முடிவு செய்தது. அங்ஙனமாயின், கிறித்துவினிடத்தே இறைத் தன்மையும் மானிடத் தன்மையும் இயைந்தவாறு யாது? இவ்வினா பற்றி எழுந்த வழக்கில், 431இல் எபேசுச் சங்கம் நெசுத்தோரியரை விலக்கிற்று. 451இல் கல்செதோன் சங்கம், 'ஆள் ஒன்று, தன்மை இரண்டு' என வரையறுத்தது. நெசுத்தோரியரைப் பழித்தற்குப் பாரசீகத் திருச்சபை உடன்படவில்லை. அச்சபையோடு தொடர்புடையராய் வாழ்ந்த மலையாள நாட்டுக் கிறித்தவர்தம் சுரியானி நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் 1599இல் உதயம்பேரூர்ச் சங்கம் ஆணையிட்டது. கொள்கை வழக்கு நூலழிவில் முடிந்தமை வருந்தத்தக்கது.

இப்பின்னணியிலேயே பரங்கிமலை எழுத்தும் நோக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் இதனைப் படித்த அந்தணர் ஒருவர், தோமையார் வருகையை விரித்துரைக்கும் நீண்ட வரலாற்றை இதனுட் கண்டதாகப் போர்த்துக்கீசியர் எழுதினர். பொறிக்கப்பட்டனவோ சில சொற்களே! 1873இல் பர்னல், சிலுவைத் துன்பமுற்றவரே மெய்க் கிறித்துவும் மேலான கடவுளும் ஆவார் என்னும் பொருளைக் கண்டார். செருமானியப் புலவர் ஹௌக், மெசியாவோடு கடவுளையும் தூய ஆவியையும் சேர்த்துத் திரித்துவத்தையே கண்டார்.

இருபதாம் நூற்றாண்டில் வின்க்வொர்த்து இம்முடிபுகளை மாற்றினார். ஆண்டவராகிய கிறித்து, இன்னார் மகன் இன்னாருக்கு இரங்குக என்பதே அவர் கண்ட பொருள். பெயர்களைப் படிப்பதில் பின்வந்தோர் வேறுபட்டனர். எனினும் இஃது இரக்கம் வேண்டும் தொடர் என்பதனைக் கைவிட்டாரல்லர்.

இவ்வேண்டுதல் இரு தன்மை வழக்கிற்குச் சான்றாகுமோ? ஆகாது. கிறித்துவை நோக்கி இரங்குக என வேண்டுதல் வழக்கிட்ட எல்லாச் சபையார்க்கும் பொது. சிலுவையில் கிறித்துவின் உருவமின்மை நெசுத்தோரியக் கொள்கையைக் காட்டும் என்பாரும் உளர். உருவமற்ற சிலுவை பண்டு பல சபையாரிடத்தும் வழங்கியதாகலின் அதுவும் வலியற்றது.

திருக்குறட் கடவுள் வாழ்த்தில் தத்தம் சமயத்தைக் கண்ட உரையாளரை நாம் அறிவோம். ஆண்டு நிகழ்ந்ததே ஈண்டும் நிகழ்ந்தது. 1994இல் உரோமைத் திருத்தந்தையும் கிழக்கு அசீரியத் திருச்சபைத் தலைவரும் கிறித்துவைப் பற்றிய தம் நம்பிக்கை ஒன்றே என அறிக்கையில் ஒப்பமிட்டனர். வழக்கிட்டோரே இங்ஙனம் இணங்கிய பின்னர், கல்லின்மேல் அவ்வழக்கை ஏற்றுதல் பொருந்தாது. கொள்கையைத் தேடியோர், தன் பெயர் சொல்லி இரக்கம் வேண்டிய ஒரு மனிதனின் குரலை நெடுங்காலம் கேளாதொழிந்தனர். அக்குரலை முதற்கண் கேட்டலே திறனாய்வின் கடனாம்.