புனிதவதியார் வீட்டு அடுக்களையும் அறநூல்களும்

அறம், பொருள், இன்பம், வீடு என்று தமிழ் மரபு நான்கையும் ஒரே வரிசையில் வைத்தது. நற்குணம், செயலறிவு, மகிழ்ச்சி ஆகியவை ஒன்றோடொன்று பின்னியவை என்பது அதன் பொருள். எதை அளவுகோலாகக் கொள்வது என்பதில்தான் நெறிக்கு நெறி வேறுபாடு.

திருக்குறளின் 133 அதிகாரங்களில் அறத்துப்பாலுக்கு 38, பொருட்பாலுக்கு 70, காமத்துப்பாலுக்கு 25. வீட்டுக்குத் தனிப்பால் இல்லை. தெரிந்துசெயல்வகை, காலமறிதல், இடனறிதல் ஆகிய அதிகாரங்கள் அரசியலில் வந்தாலும், நல்லெண்ணத்தோடு காலமும் இடமும் அறியும் தெளிவும் வேண்டும் என்பதை எல்லோருக்குமே கற்பிக்கின்றன. வாய்மையையும் வள்ளுவர் பிறர்க்குத் தீங்கு விளையாமையைக் கொண்டே அளக்கிறார். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் நற்குணத்தை வழிநடத்தச் செயலறிவு வேண்டும் என்றார். நற்குணத்தின்படி வாழ்ந்து செயல்படுவதே மகிழ்ச்சி என்றார். இருவரும் நெருங்கி வரும் இடம் இது.

சமண முனிவர்கள் பாடிய நாலடியாரின் 400 பாடல்களில் நிலையாமை உணர்வு அறத்துக்குத் தூண்டுகோலாகிறது. பௌத்தக் காப்பியமான மணிமேகலை, உணவும் உடையும் உறையுளும் அளிப்பதை அறம் என்கிறது. அதன் களமான பூம்புகார், காரைக்காலுக்கு வடக்கே அதே கடற்கரையில்தான் இருக்கிறது.

சைவத்தின் அளவுகோலைக் காரைக்காலிலேயே காணலாம். அவ்வூரில் வாழ்ந்த புனிதவதியாரைப் பற்றி 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்ன வரலாறு ஓர் அடுக்களையில் தொடங்குகிறது. வணிகன் பரமதத்தன் இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு சிவனடியார் ஒருவர் வருகிறார். சோறு ஆகிவிட்டது, கறி ஆகவில்லை. கணவன் அனுப்பிய கனிகளில் ஒன்றைச் சோற்றோடு படைக்கிறார் புனிதவதியார். பசித்தவர் காத்திருக்கலாகாது என்பதால் அந்த நொடியிலேயே எடுத்த முடிவு அது.

அடுத்த முடிவு இதைவிடக் கடினமானது. நண்பகலில் உண்ண வந்த பரமதத்தன், மீதியிருந்த கனியின் சுவையில் மயங்கி மற்றொன்றையும் கேட்கிறான். அவர் உள்ளே சென்று இறைவனை நினைக்க, கையில் ஒரு கனி வந்து சேர்கிறது. முன்னதிலும் சுவை மிகுந்திருக்கவே, இது எங்கே கிடைத்தது என்று கேட்கிறான். இறையருளை வெளியே சொல்வது முறையாகாது; கணவனிடம் மறைப்பது கற்பாகாது. இரண்டுக்கும் நடுவே நடுங்கி நின்று, பிறகு உள்ளபடியே சொல்கிறார். செயலறிவு என்று தத்துவம் பேசுவதைத் தமிழில் இவ்வளவு அருகில் நின்று காட்டிய இடங்கள் மிகச் சில.

விளைவைக் கொண்டு அளந்தால் அந்த உண்மை இல்லறத்தையே குலைத்தது. அவரைத் தெய்வமென்றே கருதி அஞ்சிய பரமதத்தன் கப்பலேறிப் போய், பாண்டிநாட்டில் வேறு மணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதியின் பெயரையே வைத்தான். பின்னர் உறவினர் அவரை அங்கே அழைத்துச் சென்றபோது காலில் விழுந்தான். அவரோ உடலின் தசையை உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றார். பிறவாமையையும், பிறந்தால் மறவாமையையும், ஆடும் திருவடியின் கீழிருக்கும் பேற்றையும் கேட்டார். இன்பத்தின் உச்சம் சைவத்துக்கு அதுவே. இன்றைய வாசகர் இதைத் துன்பக் கதையாகப் படிக்கக்கூடும். ஆனால் அவரே பாடிய அற்புதத் திருவந்தாதியின் 101 பாடல்களில் இழந்தவரின் புலம்பல் இல்லை.

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களால் சைவக் கொள்கைக்கு வரையறை தந்தார். நல்வினை, தீவினை இரண்டின் பயனையும் ஒப்பக் கருதும் இருவினையொப்பு அம்மரபில் ஒரு படிநிலை. குறளை வாழ்வின் நூலாக்கிய செயலறிவு இங்கே அருளுக்கு ஆயத்தமாகிறது.

புனிதவதியார் படைத்த அந்தக் கனியின் நினைவாகக் காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்கிறது. பிச்சையேற்கும் கோலத்துச் சிவனான பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மக்கள் மாம்பழங்களை வீச, கீழே நிற்பவர்கள் கையேந்திப் பிடிக்கிறார்கள்.