மணியத்தின் கோடும் கல்கியின் சொல்லும்

பழைய நூல்களுக்கு உரைகண்ட சான்றோரைப் போற்றும் நாம், தொடர்கதைக்குப் படம் எழுதியோரை அவ்வரிசையில் வைத்து எண்ணுவதில்லை. எண்ணத்தக்கவர் ஒருவர் உளர். அவர் ஓவியர் மணியம். டி. யு. சுப்பிரமணியம் என்னும் இயற்பெயருடைய இவர் 1924-இல் தோன்றி 1968-இல் மறைந்தார். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னுக்கு வரைந்த படங்களே இவர்தம் பெரும்பணி.

வார இதழுக்குக் கெடுவைத்து வரைந்தவர், ஆதலின் படைப்பாளர் அல்லர் என்பாரும் உளர். பரிசில் பெற்றுப் பாடிய புலவரை நாம் கூலிக்குப் பாடினார் என்பதில்லையே!

நந்தினியையும் குந்தவையையும் எதிரெதிர் நிறுத்துமிடத்து, முன்னவளுக்கு ஆண்டாள் கொண்டையும் பின்னவளுக்கு மகுடம் போன்ற உச்சிக்கொண்டையும் கல்கி கூறுகிறார். சொல்லில் வந்து மறையும் அக்குறிப்பை மணியம் விடவில்லை. அவ்விருவரும் தோன்றும் படந்தோறும் அதனைக் காத்தார். ஆழ்வார்க்கடியான் குடியில் வளர்ந்தவள் பழுவேட்டரையர் அரண்மனையில் வீற்றிருக்கும்போதும் அக்கொண்டை அவள் பழம்பிறப்பைச் சொல்லிக்கொண்டேயிருக்கிறது. இஃது உரையன்றி வேறென்ன? அரசமகளிர் முகங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பின என்னும் குறையையும் மறைப்பதற்கில்லை. கொண்டையை நீக்கின் இன்னாரென அறிதல் அரிது.

பழனி மலையடிவாரத்து இல்லம் ஒன்றில், இதழ்த்தாள்களைத் திரட்டி பைண்டு செய்து வைத்திருந்த பழந்தொகுதியைச் சில ஆண்டுகட்கு முன் முதுகலை மாணவருடன் கண்டோம். அவர்கள் கதையை அறிந்தது, கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பின் வந்த படமில்லாப் பதிப்பில். எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் காட்டினோம். நந்தினியை உடனே பெயர் சொல்லினர். ஒரு மாணவி மட்டும், "ஐயா, இப்படமும் மூலத்தைச் சேர்ந்ததுதானே? நாங்கள் படித்தது முழுநூல்தானா?" என வினவினார். அன்று நாம் தெளிவாக விடை கூறவில்லை.

இன்று கூறுவோம்: வாசகர் முதலிற் பெற்றது சொல்லும் கோடும் சேர்ந்த பக்கம், அதுவே மூலம். அவ்விதழின் அச்சுப் பதிப்பும் 2020-இல் நின்றுவிட்டது. வீடுகளில் எஞ்சிய தொகுதிகளோ ஓரம் பொடிந்து உதிர்கின்றன. நம் துறை நூலகங்கள் அவற்றைத் தேடிப் பெறுதல் வேண்டும். படமில்லாப் பதிப்பினின்று மேற்கோள் காட்டும் ஆய்வாளர், படம் நீங்கியது என்பதையேனும் தம் ஏட்டிற் குறித்தல் வேண்டும்.