கரையோரக் கலைகளில் நகை: புத்தளக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

மெய்ப்பாடு எட்டனையும் வகுத்தோதிய தொல்காப்பியர் நகையினையே முதற்கண் வைத்தார். பிறரை இகழ்தல், இளமைக்குரிய விளையாட்டு, கேட்டதனை ஆராயாது மெய்யென நம்பும் பேதைமை, கொண்டதனை விடாது பற்றும் மடமை என அதற்கு நான்கு நிலைக்களன்களையும் காட்டினார். எனினும், பின்வந்த திறனாய்வாளர் நகைக்கு அத்துணைச் சிறப்பளித்திலர். நாட்டார் கலைகளைப் போற்றுமிடத்து அவற்றின் பக்தியையும் அவலத்தையும் விதந்தோதுவர். நகையினையோ பாமரர் பொருட்டுச் சேர்க்கப்பட்ட ஒட்டு எனக் கொண்டு கடந்து செல்வர். இக்கொள்கை பொருந்துமா என்பதைச் சோதித்தற்கு இலங்கையின் வடமேற்கிலுள்ள புத்தளக் கரை ஏற்ற களமாகும்.

கற்பிட்டிக் குடாநாடு முதல் சிலாபத்துக்குத் தெற்கு வரை நீளும் இக்கரையில் பல சமயத்தாரும் பல மொழியினரும் அருகருகே வாழ்கின்றனர். உடப்பிலே திரௌபதை அம்மனை வழிபடும் தமிழ் மீனவர். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் முஸ்லிம்கள். சிலாபப் பகுதியிலே கத்தோலிக்கர். புத்தளத்தை அடுத்த சிரம்பியடியிலே ஆபிரிக்க வழித்தோன்றல்கள். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட 'தமிழ் புளூராக்' என்னும் ஆங்கில நூலில் ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவரின் வரலாறுகள் தொகுக்கப்பட்டன. ஆயின், அவர் பிறந்த கரையிலே வலையிழுத்துப் பாடியோரின் பெயர்கள் அந்நூலில் ஏறவில்லை. எழுத்தறிந்தோர் மரபு ஒன்று, வாய்மொழியோர் மரபு ஒன்று என இலக்கிய வரலாறு இரண்டாகப் பிளவுண்டமைக்கு இது தக்க சான்றாகும்.

வாய்மொழி மரபின் தலையாய வடிவம் அம்பாப் பாட்டு. கரைவலைத் தொழிலில், தோணி கடலுக்குட் சென்று வலையை அரைவட்டமாக வளைத்து மீள, வலையின் இரு தலைக் கயிறுகளையும் இரு குழுவினர் கரையினின்று இழுப்பர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடுவர். தொடக்கத்தில் நடை மெதுவாயிருக்கும். மீன் திரண்ட மடி கரையை அணுக அணுகத் தாளம் விரையும். தெய்வத்தை விளித்துத் தொடங்கும் பாட்டு, இடையிலே மச்சானையும் மச்சாளையும் கேலி செய்யும். கயிற்றைத் தொட்டுக்கொண்டு இழுப்பதாக நடிப்பவனைக் குத்தும். சில வேளைகளிற் சம்மாட்டியையும் விட்டுவைப்பதில்லை.

இந்நகை வெறும் பொழுதுபோக்கன்று. பல கைகள் ஒரே கணத்தில் ஒரே வலுவோடு இழுத்தாலன்றி வலை கரைசேராது. சோம்பியிருப்பவனை வைதால் பகை விளையும். பாட்டிலே வைத்துக் கேலி செய்தால் அவனும் சிரித்துக்கொண்டே தோள்கொடுப்பான். கூலிகொடுப்பவன் முன் நேரிற் சொல்லவொண்ணாத முறைப்பாடும் பாட்டில் ஏறினாற் பொறுக்கப்படும். தொழிலின் ஒழுங்கைக் காப்பதும், தாழ்ந்து நிற்பவனுக்கு நாவுரிமை அளிப்பதும் இங்கு நகையே. அதனை நீக்கி எஞ்சியதை மட்டும் கலையென்பது, கயிற்றை அறுத்துவிட்டு வலையைப் புகழ்வது போன்றதாகும்.

நகையின் ஆற்றலுக்கு மற்றொரு சான்று கூத்திலே கிடைக்கின்றது. சிலாபம், நீர்கொழும்புக் கரைகளில் வேரூன்றிய தமிழ்க் கத்தோலிக்கக் கூத்தின் தொடர்பிலிருந்தே சிங்கள நாடகம கிளைத்தது என்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. அந்நாடகமவின் தொடக்கத்திலே தோன்றி ஆடிப் பேசிச் சிரிப்பூட்டும் விகடனுக்குச் சிங்களத்தில் வழங்கும் பெயர் 'கோணங்கி' என்பதே. அப்பெயர் தமிழ்ச் சொல் என்பதை விளக்க வேண்டுவதில்லை. இக்கரையின் மக்களுட் பெரும்பகுதியினர் இருபதாம் நூற்றாண்டிலே தமிழை விடுத்துச் சிங்களத்தைத் தம் மொழியாகக் கொண்டனர். வீட்டுமொழி மாறிற்று, விகடன் பெயர் மாறவில்லை. மன்னனும் மந்திரியும் எம்மொழியிலும் புதுப்பெயர் பெறுவர். சிரிக்க வைத்தவனையோ மக்கள் பழம்பெயராலேயே நினைவிற் கொள்வர் போலும்.

ஆயின், அக்கலை பல்கலைக்கழக அரங்கேறியபோது நேர்ந்தது யாது? எதிரிவீர சரச்சந்திர நாடகம மரபினைத் தழுவி 1956இல் மேடையேற்றிய 'மனமே' ஈழத்து அரங்க வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். அதனைத் தொடர்ந்து பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ்க் கூத்தைப் புத்துருவாக்கி, 1962இல் 'கர்ணன் போர்' முதலியவற்றை அரங்கேற்றினார். விடியவிடிய ஆடிய கூத்து இவ்விருவராலும் செறிவும் அழகும் பெற்றது என்பதில் ஐயமில்லை. எனினும், 'மனமே'யிலே எடுத்துரைஞர் இடம்பெற்றார், கோணங்கி இடம்பெறவில்லை. நேரச்சுருக்கமும் சோக ஓர்மையும் கருதிச் செய்யப்பட்ட அத்தெரிவு அந்நாடகத்துக்குப் பொருந்துவதே. குறை அதனிடத்தன்று, அதனையே விதியாகக் கொண்டு, செம்மைப்படுத்தல் என்றாலே நகையைக் களைதல் எனக் கருதும் பிற்கால வழக்கத்திடத்தே உள்ளது.

சிரம்பியடியின் மாஞ்ஞாப் பாட்டு இச்சிக்கலின் மறுபக்கத்தைக் காட்டும். போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் அமைந்த அப்பாடல்கள், சிரட்டை, கரண்டி, போத்தல் முதலிய எளிய பொருள்களின் ஒலியோடு மெல்லத் தொடங்கி, அம்பாவைப் போலவே விரைந்து முடிவன. நாடெங்கும் விரும்பப்படும் பைலாவுக்கு இவ்வகை இசை உறவுடையது. ஆனால் அம்மொழி இன்று அங்கு அன்றாடப் பேச்சில் இல்லை. பாடுவோர்க்கே பல சொற்களின் பொருள் விளங்குவதில்லை. கால்கள் ஆடுகின்றன, முகங்கள் மலர்கின்றன. சொல்லிலே பொதிந்திருந்த கேலி யாது என்பது மட்டும் மறைந்துவிட்டது. இசை மொழியைக் கடந்து வாழும். நகையோ மொழியோடு உடன்கட்டை ஏறும். இவ்வேறுபாடு ஊன்றி நோக்கற்பாலது.

அம்பாவின் நிலை இதற்கு மறுதலையானது. அதன் மொழி வாழ்கின்றது, தொழிலே மாறுகின்றது. இலங்கைக் கரைகள் பலவற்றில் உழவு இயந்திரமும் வின்ச் பொறியும் கரைவலையை இழுக்கத் தொடங்கிவிட்டன. பொறிக்குப் பாட்டு வேண்டுவதில்லை. கேலி செய்தாலும் அது விரைந்திழுக்காது. இனி அம்பா மேடையிலேயே மிகுதியும் வாழுமாயின், அங்கு தெய்வ விளிப்பு நிலைக்கும், தாளம் நிலைக்கும். சம்மாட்டியைக் குத்திய அடிகள், அவையோர் முன் நாணி, முதலில் விடுபடும்.

நகையடிகளிற் கொச்சையும் உண்டு, சாதியையும் உடற்குறையையும் பழிப்பனவும் உண்டு, அவற்றையும் காக்க வேண்டுமோ எனச் சிலர் வினவுவர். வினா நேர்மையானதே. மேடைக்கு எடுப்பது வேறு, ஏட்டிற் பதிவது வேறு என்பதே அதற்கு விடை. மாணவர் முன் ஆடத் தகாதன சில இருத்தல் கூடும். ஆய்வுக்குத் தகாதது என ஒன்றும் இல்லை. பழிப்பையும் பதிந்து வைத்தாலன்றி, யாரை யார் எக்காலத்திற் பழித்தனர் என்னும் சமூக வரலாறு மறைந்தொழியும்.

ஆடி மாதம், சோழகக் காற்றிலே மேற்குக் கடல் கொந்தளிக்கும் காலம். உடப்பிலே பதினெட்டு நாள் திரௌபதை விழா நடப்பதும் தீமிதிப்போடு நிறைவதும் அக்காலத்தேதான். பாரதக் கதை கேட்கவும் நெருப்பிலே நடக்கவும் கூடும் அதே மக்களே கடல் அடங்கியபின் கயிற்றைப் பற்றிக்கொண்டு ஒருவரையொருவர் பாட்டிற் கேலி செய்வோர். அவர்தம் பக்தி ஒரு கை, நகை மறு கை. ஒரு கையால் வலையிழுத்தல் எவர்க்கும் இயலாது. கல்லூரி மாணவர் ஒலிப்பதிவுக் கருவியோடு அக்கரைக்குச் செல்வாராயின், முதியோர் பாடும்போது தெய்வ அடிகளோடு எழுதுதலை நிறுத்தாது, அவர்கள் வாய்பொத்திச் சிரித்துக்கொண்டு சொல்லத் தயங்கும் அடிகளையும் பொறுமையோடு கேட்டு வாங்குவாராக. தொல்காப்பியர் முதலில் வைத்ததனைக் கடைசியிலேனும் காத்த பெருமை அவர்களைச் சாரும்.