தவளை வீடும் தேரை வீடும்

அக்கா மகளுக்கு எட்டு வயது. ஆர்னால்ட் லோபலின் தவளை - தேரைக் கதைகளை இங்கிலீஷில் அவளே எழுத்துக்கூட்டிப் படிப்பாள்; திணறும் இடத்தில் நான் கைகொடுப்பேன். ஒருநாள் கேட்டாள்: "ஏன் மாமா, ரெண்டு பேரும் டெய்லி அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டே இருக்காங்களே, ஒரே வீட்ல இருந்தா என்னவாம்?" "ஃப்ரெண்ட்ஸ் அப்படித்தாம்மா இருப்பாங்க" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். பொய் இல்லை. முதல் புத்தகத்தின் தலைப்பே அவர்கள் நண்பர்கள் என்றுதான் சொல்கிறது. ஆனால் கேள்வியை அடைக்கத்தான் நான் அதைச் சொன்னேன். என் அந்த அவசரம்தான் இதை எழுதவைக்கிறது.

மொத்தம் நான்கு புத்தகங்கள்: 1970, 1972, 1976, 1979. வாசிக்கப் பழகும் குழந்தைகளுக்கான 'ஐ கேன் ரீட்' வரிசையில் வந்தவை. இரண்டு ஆண் பிராணிகள். மனைவி, பிள்ளை கிடையாது. லோபலுக்கோ மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. தான் ஆண்களை நேசிப்பவர் என்பதை அவர் 1974இல் குடும்பத்தாரிடம் சொன்னார். அவர் மகள் ஏட்ரியன் 2016இல் 'நியூயார்க்கர்' பத்திரிகையிடம், அப்பா தன்னை வெளிப்படுத்திக்கொள்ளத் தொடங்கியதே இந்தக் கதைகளில்தான் என்று நினைப்பதாகச் சொன்னார். அவ்வளவுதான், சாவி கிடைத்துவிட்டது. பலருக்கு அதன்பின் பிரதியைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த் சொன்னதைக் கொண்டாடிய மரபில் வந்தவன் நான். லோபல் 1987 டிசம்பரில், 54 வயதில், எய்ட்ஸால் இறந்தார். இந்த மரணத்தைக் கோட்பாட்டுக்குள் தள்ளிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அதற்காக வாழ்க்கை வரலாற்றை விடைத்தாளாக்கவும் முடியவில்லை. பிரதியில் எங்கே, எப்படி அது நிகழ்கிறது என்று பார்த்துத்தான் ஆகவேண்டும்.

1976 புத்தகத்தில் ஒரு கதை. இலையுதிர் காலம். தேரையின் வாசலைக் கூட்டி அதை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று தவளை கிளம்புகிறது. அதே நேரம் தேரையும் இதே நினைப்போடு வேறு வழியில் தவளை வீட்டுக்குப் போகிறது. இரண்டும் மற்றதன் வீட்டில் ஆளில்லாத நேரத்தில் கூட்டிக் குவித்துவிட்டுத் திரும்புகின்றன. காற்று அடித்து இரண்டு குவியலையும் கலைத்துவிடுகிறது. மற்றது தனக்காக வந்து கூட்டியது இரண்டுக்குமே தெரியாது. இரண்டும் சந்தோஷமாகத் தூங்குகின்றன. நேசத்துக்கான தடயம் முழுக்க அழிந்துவிட்டது. சாட்சி வாசகன் மட்டுமே. வெளியே தெரியாத நேசம் என்றால் ஏக்கமும் கண்ணீரும்தான் என்று பழகிப்போன நமக்கு, ரகசியத்தையே நிம்மதியான தூக்கமாக்கிய இந்தக் கதை கொஞ்சம் அதிர்ச்சிதான்.

இரண்டு வீடு இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தேரைக்குக் கடிதமே வருவதில்லை என்று தவளை ஒரு கடிதம் எழுதி நத்தையிடம் கொடுத்தனுப்புகிறதே, அதற்கும் இரண்டு வீடு வேண்டும். நத்தை வந்துசேர நான்கு நாள். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று முன்பே சொல்லியாயிற்று; இருந்தும் இரண்டும் வாசலில் சேர்ந்து உட்கார்ந்து காத்திருக்கின்றன. இடைவெளிதான் இங்கே கதையை உண்டாக்குகிறது. பதிப்பாளரையும் நூலகரையும் பெற்றோரையும் நிம்மதியாக வைத்திருந்ததும் இதே இடைவெளிதான். 1973 வரை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. லோபல் வாழ்ந்த நியூயார்க் மாநிலத்தில் 1980இல் நீதிமன்றம் ரத்து செய்யும்வரை அந்த உறவு சட்டப்படி குற்றம். நான்கு புத்தகங்களும் அதற்குள் வந்து முடிந்துவிட்டன.

எம்.ஏ. தமிழ் படித்தவன் புத்தி எங்கே போகும்? அகத்திணை மாந்தருக்குப் பெயர் சுட்டக்கூடாது என்கிறது தொல்காப்பியம். உள்ளுறையில் பறவை, விலங்கின் செயலுக்குள் மனிதர் செயல் பொதிந்து கிடக்கும். தவளை, தேரை என்பவையும் இனப்பெயர்கள்தானே, ஆட்பெயர்கள் இல்லையே என்று குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தேன். பிறகு அடித்துவிட்டேன். அகத்தில் பெயரை மறைப்பதால் காதல் பொதுவாகிறது. இங்கே மறைத்தால் காதலே காணாமல் போகிறது. ஏழு திணையிலும் இந்த இருவருக்கு இடம் கிடையாது.

ஆகவே 'நுட்பம்' என்ற பாராட்டு எனக்கு உறுத்துகிறது. நியூயார்க் மிருகக்காட்சிசாலையில் இரண்டு ஆண் பெங்குவின்கள் சேர்ந்து ஒரு குஞ்சை வளர்த்த உண்மைக் கதையை 2005இல் வந்த 'அண்ட் டேங்கோ மேக்ஸ் த்ரீ' நேரடியாகச் சொல்லிற்று. 2014இல் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் அதையும் இன்னும் இரண்டு சிறுவர் நூல்களையும் விலக்கி, கூழாக்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டு நூல்கள் பெரியவர்கள் பிரிவுக்குப் போயின. மூன்றாவது அதற்குள் கூழாகியிருந்தது. கலையாக லோபல் எங்கோ உயரத்தில் இருக்கிறார், சந்தேகமில்லை. பெங்குவின் புத்தகம் கொஞ்சம் பாடப்புத்தகம்தான். ஆனால் அடி வாங்கியது அதுதான். சொல்லாதவனை ரசித்துவிட்டுச் சொன்னவனைக் கலைநயம் போதாது என்று ஒதுக்கும் ரசனை யாருக்கு வேலை செய்கிறது என்று கேட்கவேண்டாமா?

போன வாரம் கடைசிப் புத்தகத்தின் கடைசிக் கதைக்கு வந்தோம். தனியாக இருக்கவேண்டும் என்று தவளை சீட்டு எழுதி வைத்துவிட்டுத் தீவில் போய் உட்கார்ந்திருக்கிறது. தன்னைப் பிடிக்காமல் போயிற்றோ என்று பதறும் தேரை, சாப்பாட்டுக் கூடையோடு ஆமை மேல் ஏறிப் போய்த் தண்ணீரில் விழுகிறது. தவளை சந்தோஷமாகத்தான் இருக்கிறது. எல்லாம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று யோசிக்கத்தான் தனிமை தேவைப்பட்டிருக்கிறது. நனைந்த சாண்ட்விச்சைச் சேர்ந்து தின்கின்றன.

பழைய கேள்வியை அவள் மறந்திருந்தாள். நான்தான் எடுத்தேன். "ஒரே வீட்ல இருக்கணும்னு அவங்களுக்கு ஆசை இருந்திருக்கலாம்மா."

"அப்ப இருக்க வேண்டியதுதானே? யாரு விடல?"

சொல்ல ஆரம்பித்தேன். அக்கா சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை.