கோடைத் தமிழ்: கற்பவர், கற்பிப்பவர், பேசுபவர்

'கோடைக்காலப் படிப்பு' என்கிற சொற்சேர்க்கையிலிருந்தே ஆரம்பிக்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான தமது விடுமுறையில் மாணவர்களை வெளிநாடுகளுக்கு அனுப்புகின்றன. காலையில் மொழி வகுப்பு, பிறகு அந்த நாட்டின் சமூகம் பற்றி ஒரு பாடம், மீதி நேரத்துக்கு ஆஸ்பத்திரியிலோ தொண்டு நிறுவனத்திலோ இன்டர்ன்ஷிப். தாமிரபரணிக் கரையில் அந்த மாதங்களுக்குக் கோடை என்று பேரில்லை. குற்றாலத்தில் சாரல். பாபநாசத்திலிருந்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் வருகிற காலம், நம்ம கல்லூரிகள் திறக்கிற காலம். ஆக, காலண்டரே அங்கிருந்து இறக்குமதியாகிறது. சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு கல்வித்திட்டத்துக்குள் யாருடைய காலம் ஓடுகிறதோ அவருடைய கேள்விகளே அதற்குள் கேள்விகளாக அங்கீகாரம் பெறும் என்பது என் வாசிப்பு.

தமிழைப் பொறுத்தவரை இந்த வகைப் படிப்பின் நிலையான முகவரி மதுரை. 1961இல் தொடங்கிய அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் அங்கே தமிழ் கற்றுத்தருகிறது. கோடை வகுப்பும் உண்டு, ஓராண்டு வகுப்பும் உண்டு. இதன் பிறப்புச் சூழலை மறந்துவிட்டுப் 'பண்பாட்டுப் பரிமாற்றம்' என்று பேசுவது அப்பாவித்தனம். 1957இல் ஸ்புட்னிக் பறந்தது. 1958இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு ஆசிய, ஆப்பிரிக்க மொழிகளைக் கற்பிக்கக் காசு ஒதுக்கியது. அந்தச் சட்டத்தின் பேர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம். இன்னொரு பக்கம் 1954ஆம் வருஷத்துப் பி.எல். 480. அதன்படி வந்த கோதுமைக்கு இந்தியா கொடுத்த ரூபாய் இங்கேயே குவிந்து கிடந்தது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு இந்தியவியல் ஆய்வுக்கும், அமெரிக்க நூலகங்களுக்கு நம் புத்தகங்களை வாங்கி அனுப்பவும் செலவாயிற்று. நாம் தின்ற கோதுமையின் விலையில் நம்மைப் படித்தார்கள் என்று எழுதினால் மேடைப்பேச்சு மாதிரி இருக்கும். கணக்கு என்னவோ அப்படித்தான் வருகிறது.

இது அமெரிக்கா கண்டுபிடித்ததும் அல்ல. 1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஆரம்பமானபோது கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்கு இதே ஏற்பாடுதான்: மொழி படி, தேர்வு எழுது, ஜில்லாவுக்குப் போ. அந்தக் கல்லூரியில் தமிழ் கற்பித்த தாண்டவராய முதலியார் அங்கே பாடமாக வைப்பதற்காகவே பஞ்சதந்திரத்தை உரைநடையில் கொண்டுவந்தார். நவீனத் தமிழ் உரைநடையின் ஆரம்ப வரிசையில் நாம் வைக்கிற ஒரு பிரதி, அந்நியப் பயிற்சியாளர்களுக்கான பாடநூலாகப் பிறந்திருக்கிறது. எல்லீஸ் 1816இல் தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று முன்வைத்ததைப் பேசும்போது கல்லூரியின் புலவர்கள் எத்தனை பேரை நமக்குப் பேர்சொல்லத் தெரியும்? கற்பிப்பவரின் உழைப்பு கற்றவரின் அறிவாக உருமாறும்போது அவர் பேர் உதிர்ந்துபோகிறது. 'முன்ஷி' என்ற பொதுப்பேர் மட்டும் மிச்சம்.

திருநெல்வேலிக்கு வருவோம். கால்டுவெல் 1838இல் சென்னையில் இறங்கி, அங்கே தமிழ் படித்து, பிறகு பெரும்பாலும் கால்நடையாகவே தெற்கே வந்து 1841 கடைசியில் இடையன்குடி சேர்ந்தார். வழிநெடுக ஜனங்களிடம் பேசிப்பார்த்தபடி வந்த அந்த நடையை, இன்றைய பாடத்திட்டங்கள் 'மொழியில் மூழ்குதல்' என்று சொல்லி மதிப்பெண் போடும். 1856இன் ஒப்பிலக்கணத்தை நாம் கொண்டாடுகிறோம், சரி. அதற்கு முன்னால் 1849இல் அவர் எழுதிய 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்ற ஆங்கிலச் சிறுநூல் இருக்கிறதே (அந்தச் சாதிப் பேரையே மக்கள் போராடி 1921இல் அரசுப் பதிவில் நாடார் என்று மாற்றவைத்தார்கள்), அதுதான் என் விஷயத்துக்கு நெருக்கமானது. மொழியைக் கற்று, ஊரில் தங்கி, ஊரைப் பற்றி எழுதி, சீமையில் இருந்த ஆதரவாளர்கள் படிப்பதற்காக அனுப்பிய பிரதி அது. அதில் ஊர்க்காரர்கள் வாசகர்களாகக் கணக்கில் இல்லை. ஆனால் வாசித்துவிட்டார்கள். மிஷன் பள்ளிகள் கொடுத்த இங்கிலீஷ் அதற்கு உதவியது. மிஷனுக்குள்ளேயே வளர்ந்த அருமைநாயகம் சட்டம்பிள்ளை 1857இல் நாசரேத் பக்கம் தனிச் சபை கண்டு பிரிந்துபோனதற்கு இருந்த காரணங்களில் இந்தச் சிறுநூலின் மீதான கோபமும் ஒன்று. 1880களில் எதிர்ப்பு இன்னும் வலுத்தது. எழுதப்பட்டவன் எழுதியவனுக்குப் பதில் சொன்ன அந்தக் கணத்தைத்தான் நான் அளவுகோலாக வைக்கிறேன். இன்றைய கோடைத்திட்டங்களில் அப்படி ஒரு கணத்துக்கு இடம் இருக்கிறதா?

சில வருஷம் முன்பு பாளையங்கோட்டையில் ஒரு வெளிநாட்டு மாணவிக்கு இரண்டு மாதம் பேச்சுத்தமிழ் சொல்லிக்கொடுத்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். எனக்குக் கொடுத்த பேர் 'மொழித்துணை'. ஆசிரியர் என்று போட்டால் சம்பளம் வேறாகிவிடுமாம். அவர் கொண்டுவந்த பாடத்தில் இருந்தது 'தரமான பேச்சுத்தமிழ்'. மொழியியலார் இதற்கு ஆதாரமாக எடுப்பது படித்த, பிராமணரல்லாதாரின் பேச்சை. படித்தவர், பிராமணரல்லாதவர் என்ற இரண்டு அடைமொழியிலேயே சாதியும் வர்க்கமும் இலக்கணத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. அதில் நிகழ்காலம் 'பாக்கறேன், சொல்றேன்'. இங்கே 'பாக்கேன், சொல்லுதேன்'. அங்கே 'அவங்க சொல்றாங்க', இங்கே 'அவிய சொல்லுதாவ'. மையத்தின் தமிழைப் படித்துவிட்டு விளிம்புக்கு வந்த பிள்ளை முதல் வாரம் பஸ்ஸில் கண்டக்டரிடமே திணறியது.

இன்டர்ன்ஷிப் ஒரு தொண்டு நிறுவனத்தில். முக்கூடல் பக்கம் ஒரு ஊரில் பெண்களிடம் படிவம் நிரப்ப வேண்டும். திண்ணையில் முறத்தை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாவிடம் 'என்ன வேலை பாக்கறீங்க?' என்று பாடப்படியே கேட்டாள். 'வேலைக்கெல்லாம் போகலம்மா, வீட்ல சும்மாதான் இருக்கேன். பீடி சுத்துதேன்.' படிவத்தில் வேலை: இல்லை. எதிர்வீட்டிலும் 'சும்மாதான்'. அன்று ராத்திரி அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: 'சும்மா' என்றால் என்ன? ஒரு மொழிவகுப்பில் கேட்கத்தக்க மிகப்பெரிய கேள்வி அது. இலையும் தூளும் எடைபோட்டுத் தருவார்கள். இலை பத்தாவிட்டால் கைக்காசில் வாங்க வேண்டும். கழித்துப்போட்ட பீடிக்குக் கூலி இல்லை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எத்தனை மணிநேரம் என்பது கணக்கிலேயே கிடையாது. 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமே வீட்டிலிருந்து சுற்றுகிறவரைத் தொழிலாளி என்று ஏற்றது. இவ்வளவையும் 'சும்மா' என்ற சொல் மூடிவைத்திருக்கிறது. மூடியது அந்தப் பெண்ணின் அறியாமை அல்ல. வாசலைத் தாண்டிப்போய்ச் செய்வதுதான் வேலை என்று வைத்திருக்கிற ஆண்மையச் சொல்லாடல்.

அந்த மாணவி நல்லவள். மறுநாள் போய் எல்லாப் படிவத்தையும் திருத்தினாள். 'சுத்துதேன்' என்று சொல்லவும் பழகிக்கொண்டாள். ஆகஸ்டில் இருபது பக்கம் இங்கிலீஷில் அறிக்கை எழுதிக்கொண்டு விமானம் ஏறினாள். அறிக்கை அவள் பல்கலைக்கழகத்துக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் போயிற்று. எனக்கு வரவில்லை. முக்கூடலுக்கும் போகவில்லை. தனிமனித நேர்மைக் குறைவாக இதைப் பார்த்தால் விஷயம் நழுவிவிடும். திட்டத்தின் அமைப்பிலேயே திரும்பிவருகிற பாதை போடப்படவில்லை.

இதே ஜூலையில் 23ஆம் தேதி ஒன்று வருகிறது. 1999இல் அன்றைக்கு, மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளரின் கூலிக் கோரிக்கையோடு ஆட்சியர் அலுவலகம் போன ஊர்வலத்தைக் கொக்கிரகுளத்தில் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியதில், ஒரு குழந்தையும் சேர்த்து 17 பேர் செத்தார்கள். வருஷாவருஷம் கட்சிகளும் இயக்கங்களும் வந்து ஆற்றில் பூப்போடுகின்றன. அவளுடைய கால அட்டவணையில் அது துணைவினைகள் நடத்த வேண்டிய நாள். நான் பாடத்தை நிறுத்திவிட்டு 'கூலி' என்ற சொல்லை நடத்தினேன். கூலிக்கும் சம்பளத்துக்கும் என்ன வித்தியாசம், யார் எதை வாங்குகிறார், 'கூலிக்காரன்' ஏன் வசவாகிறது என்று. அட்டவணையில் இல்லாததால் அந்த இரண்டு மணிநேரத்துக்கு எனக்குப் பணம் வரவில்லை.

சரி, வெள்ளைக்காரனைத் திட்டி முடித்தாயிற்று, இனி நம்மைப் பார்ப்போம். நான் எம்.ஏ. படித்த இரண்டு வருஷத்தில் வட்டார வழக்கு என்பது ஒரு தாளில் ஒரு அலகு. நோட்ஸ் உண்டு, ஒருநாள்கூட யாரும் எங்களை வெளியே கூட்டிப்போகவில்லை. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொல்லகராதி தொகுத்தபோது அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. நா. வானமாமலை பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டினார், 1969இல் 'ஆராய்ச்சி' இதழைக் கொண்டுவந்தார், நாட்டுப்பாடல்களைத் தொகுத்தார். சேகரித்தவர்களும் வாசித்தவர்களும் விவாதித்தவர்களும் இந்த ஊர்க்காரர்களே. ஒரு பாடலுக்கு அவர் சொன்ன பொருளை அடுத்த கூட்டத்தில் மறுக்க முடிந்தது. நம் சிறுபத்திரிகைக்காரர்களோ ஃபூக்கோவை இங்கிலீஷ் வழியாக வாசித்துவிட்டு 'விளிம்பு' பற்றி எழுதுகிறோம், மேலப்பாளையத்துக்குப் போகாமலே. 'சும்மா' என்றால் என்ன என்று கேட்ட அந்தப் பிள்ளை இவர்களைவிடக் கோட்பாட்டுக்குப் பக்கத்தில் இருந்தது என்று சொன்னால் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபிக்கட்டும்.

இந்தத் திட்டங்களை மூட வேண்டும் என்கிற கட்சியில் நான் இல்லை. தமிழ் தெரியாமல் தமிழரைப் பற்றி எழுதுகிற வல்லுநரைவிடத் தப்பும் தவறுமாகப் பேசுகிறவர் மேல். கற்பிப்பவர் பேர் அறிக்கையில் வரட்டும், துணையாக அல்ல, ஆசிரியராக. அறிக்கை தமிழில் ஒரு பிரதி எழுதப்பட்டு, கேள்வி கேட்கப்பட்டவர்கள் முன்னால் உரக்க வாசிக்கப்படட்டும். அதற்கு அவர்கள் சொல்வது பின்னிணைப்பாகச் சேரட்டும். மொழிப்பயிற்சியின் கடைசித் தேர்வாக இதையே வைக்கலாம். இதற்கு டாலர் தேவையில்லை.

இந்தத் தேர்வை நம்ம தமிழ்த்துறைகளும் வைக்கலாம். எம்.ஏ. தமிழ் வகுப்பில் இன்று பெரும்பாலும் பெண்கள். பாளையங்கோட்டையிலிருந்து மேலப்பாளையம் சில கிலோமீட்டர்தான், 2021இலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் அவர்களுக்கு டிக்கெட்டும் கிடையாது.