தகட்டின் பிடிவாதம்

சென்னைச் சிற்பிகளைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழுகிறது: நாட்டார் கலையிலிருந்து அவர்கள் 'உந்துதல் பெற்றார்கள்'. ஐயனார் குதிரையைப் பார்த்தார்களாம், கோயில் சிலையைப் பார்த்தார்களாம், நவீனமாக்கிவிட்டார்களாம். அவர்களில் ஒருவரான பி.வி. ஜானகிராமின் பிள்ளையார் ஒன்றை ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள் இதை நம்புவது கடினம்.

பழைய கதையை வளர்க்க வேண்டியதில்லை. பல்லவர் பாறையைக் குடைந்தார்கள், சோழர் மெழுகில் உருவம் பிடித்து வண்டல் மண் பூசி உலோகம் வார்த்தார்கள். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கினார். 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதற்கு முதல்வரானார். மெரினாவில் அவருடைய உழைப்பாளர் சிலையை எல்லோரும் பார்த்திருப்போம்: நால்வர் பாறையை நகர்த்துகிறார்கள், தசைநார் முறுகி நிற்கிறது. அசாத்தியத் திறமைதான். ஆனால் களிமண்ணில் கை முடித்துவிட்ட வேலையை வெண்கலம் வெறுமனே நகலெடுக்கிறது. அதற்கென்று சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு வந்த சிற்பி எஸ். தனபால் அந்தத் தசைப் பெருமையைக் கழற்றிப் போட்டார். அவருக்குப் பின் ஜானகிராம் (1930–1995) சிலையின் கனத்தையே விட்டுவிட்டார். அவர் எடுத்துக்கொண்டது செம்புத் தகடு. தகட்டை அடிக்க அடிக்க அது இறுகும். விடாமல் அடித்தால் விரிசல் விடும். நெருப்பில் காட்டினால்தான் மறுபடி இளகும். கண்ணுக்கும் ஆபரணத்துக்கும் கம்பியை வளைத்துப் பற்றவைக்க வேண்டும். எவ்வளவு புடைத்தாலும் தகடு தகடுதான், முழு உருண்டையாகத் திரள மறுக்கும். அதனால்தான் அந்த உருவங்கள் நம்மை நேருக்கு நேர் பார்க்கின்றன. மூலவருக்குச் சாத்தும் கவசத்துக்கும் இதே குணம் உண்டு. கவசத்தின் சாயலைக் காட்டிலும் கவசம் அடிப்பவரின் சுத்தியல் ஜானகிராமுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது என்பேன்.

1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை நிறுவியபோது, ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்றுத்தான் காலம் தள்ளினார்கள். விமர்சகர்கள் இதை வறுமைக் கதையாகவே எழுதுகிறார்கள். எனக்கு அது பயிற்சிக் கதை. வயிற்றுக்காகச் செய்த வேலையில்தான் சாயமும் மெழுகும் எப்படி நடந்துகொள்ளும் என்பது கைக்குப் பிடிபடும். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்போடும் பித்தளையோடும் எனாமல் வண்ணத்தைச் சேர்த்தார். அழகுதான், ஆனால் அலங்காரம் ஒரு கை கூடுதல்.

இன்றைய நிலைமைதான் எரிச்சலூட்டுகிறது. விடுதி வரவேற்பறைகளில் நிற்கும் ஐயனார் குதிரைகளைத் தட்டிப் பாருங்கள், பல ஃபைபர் கண்ணாடி. மேலே செம்மண் நிறப் பூச்சு. குயவர்களான வேளார் சுடுமண்ணில் செய்யும் குதிரைக்குக் கால் குழாய் போலவும் வயிறு குடம் போலவும் இருப்பது அழகுக்காக மட்டுமில்லை. உள்ளே வெற்றிடமில்லாமல் கனமாகச் செய்தால் சூளையில் வெடித்துவிடும். ஃபைபருக்கு அந்தப் பயம் கிடையாது. இருந்தும் அதே குழாய்க்கால். இதைத்தான் வடிவமைப்புக்காரர்கள் 'மண் சார்ந்த அழகியல்' என்று விற்கிறார்கள்.

ஈஞ்சம்பாக்கம் பக்கம் போனால் சோழமண்டலத்தில் இறங்கி உலோகச் சிற்பங்களைப் பாருங்கள். முகத்தைப் பார்த்ததும் திரும்பிவிட வேண்டாம். பக்கவாட்டில் நின்று, பற்றவைத்த இடங்களைத் தேடுங்கள்.